ஆறு வயதுப் பிள்ளைக்கு சுவிட்ச்: பெட்டியை உடைக்க முதல்

தங்கச்சி, கனடாவில் ரொறொன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து ஒரு வருசமும் ஆகவில்லை, மகன் கிரேட் வன், வகுப்பில் எல்லாரும் நின்டெண்டோ சுவிட்ச் என்ற வீடியோ கேம் மெசினைப் பற்றித்தான் கதைக்கிறார்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அழுகை, வாங்கிக் கொடுக்கலாமா, எந்த மொடல், இங்கிலிஷ் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வாசித்ததும் வந்த புதிதின் ஞாபகம்தான் வந்தது. தகப்பனுக்கு இரவு வேலை, தாய்க்குப் பகல் வேலை, பேஸ்மென்ட் வீடு, வெளியே உறைகுளிர், பிள்ளைக்கு ஓடி விளையாட முற்றம் இல்லை. எங்கட ஆட்களில் முக்கால்வாசிப் பேர் கடந்து வந்த காலம் அது.

இங்கிலிஷை விடுங்கள். அது பள்ளிக்கூட மைதானத்தில் தானாக வரும்.

என்னுடைய பதில்: வாங்கலாம். ஆனால் அவனுடைய சாமான் என்று கையில் கொடுக்காதீர்கள், வீட்டுச் சாமானாக வாங்குங்கள். எந்த மொடல் என்ற கேள்வியும் இதோடு தீர்ந்துவிடும். மலிவு என்று எங்கட சனம் எடுப்பது சுவிட்ச் லைட். 5.5 அங்குலத் திரை, 275 கிராம், சின்னக் கைக்கு வசதிதான். ஆனால் அதை டிவியில் போட ஏலாது. பிள்ளை போர்வைக்குள் தனியே இருந்து விளையாடுவதற்கு இதைவிடத் தோதான மொடல் இல்லை. இன்னொன்று, சுவிட்சின் பெரிய பலவீனம் பெருவிரலால் அசைக்கும் அந்தக் குட்டி ஸ்டிக். நாளடைவில் தேய்ந்து, கை வைக்காமலே திரையில் உள்ள ஆள் ஒரு பக்கம் நகரத் தொடங்கும். ட்ரிஃப்ட் என்பார்கள். சாதாரண சுவிட்சில் பக்கத்தில் கொழுவியிருக்கும் ஜோய்-கொன் என்ற கைப்பிடியை மட்டும் கழற்றித் திருத்தலாம், மாற்றலாம். லைட்டில் அது உடம்போடு சேர்ந்தது, முழு மெசினையும் அனுப்ப வேண்டும்.

அதனால் டொக்கோடு (டிவியில் இணைக்கும் தாங்கி) வரும் சாதாரண சுவிட்ச் அல்லது ஓலெட் (OLED) மொடல் எடுங்கள். ஓலெட் திரைக்கு மேல் மெல்லிய ஃபிலிம் ஒன்று ஒட்டியிருக்கும், புதுப்போன் பிளாஸ்டிக் என்று நினைத்து உரித்துவிடாதீர்கள். கண்ணாடி உடைந்தால் சிதறாமல் பிடிப்பது அதுதான். 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2 ஆறு வயதுக்குத் தேவையில்லை. விலையும் பாரமும் கூட. கேம், காட் என்ற குட்டி அட்டையில் வரும்; சுவிட்ச் 2-இன் சில கேம் காட்டில் கேமே இருக்காது, திறப்பு மட்டும்தான். கேமை டவுன்லோட் செய்ய வேண்டும். விலைச்சீட்டில் உள்ளதற்கு மேல் 13 வீதம் வரி வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இனி முக்கியமான விசயம். பிள்ளை கண்ணால் காண முதல், இரவில் நீங்களே பெட்டியை உடைத்து, சார்ஜ் போட்டு, அப்டேட் முடித்து வையுங்கள். முதலில் உங்கள் பெயரில் நின்டெண்டோ எக்கவுன்ட். அதில் ஃபமிலி குறூப் தொடங்கி, அதற்குள் பிள்ளைக்கு ஒரு எக்கவுன்ட். பிறந்த திகதியை உண்மையாகப் போடுங்கள். சுகம் என்று 1990 போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதோடு பிள்ளை, வளர்ந்த ஆளாகிவிடுவான், பிள்ளை எக்கவுன்டுக்கான கட்டுப்பாடு ஒன்றும் அவனுக்குப் பொருந்தாது. பிறகு உங்கள் போனில் நின்டெண்டோவின் பேரன்டல் கன்ட்ரோல்ஸ் (பெற்றோர் கட்டுப்பாடு) ஆப் இறக்கி, ஆறு இலக்கக் குறியீட்டால் மெசினோடு இணையுங்கள்.

ஆப்பில் நாளுக்கு இவ்வளவு நேரம் என்று போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று பலர் நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள். அது அலார்ம் மட்டும்தான் காட்டும், விளையாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். சஸ்பென்ட் சொஃப்ட்வெயர் என்ற பொத்தானையும் போட்டால்தான் நேரம் முடிய நிற்கும். இந்த நேரக்கணக்கு மெசினுக்குத்தான், ஆளுக்கு இல்லை. தங்கையும் விளையாடினால் இருவருக்கும் சேர்த்து ஒரே கணக்கு, சண்டை வரும். இந்தக் கட்டுப்பாட்டுக்கு வைக்கும் பின் (PIN) நம்பர் பிள்ளையின் பிறந்தநாளாக இருக்கக் கூடாது. ஈஷொப் என்ற நின்டெண்டோவின் ஒன்லைன் கடையில் கிரெடிட் காட்டைச் சேமிக்காதீர்கள், தேவையென்றால் கடையில் விற்கும் பிரீபெய்ட் காட் போதும். பிள்ளையின் எக்கவுன்டில் வாங்குவதையும், ஆப்பில் மற்றவர்களோடு கதைப்பதையும் பூட்டிவிடுங்கள். கேம் தரம் எல்லாருக்கும் ஏற்றது என்று காட்டும் ஈ (E) என்ற எழுத்தோடு நிற்கட்டும்.

எவ்வளவு நேரம்? கனடியப் பிள்ளை வைத்தியர் சங்கம் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் அல்லது அதற்குக் குறைவாகத்தான் திரை என்கிறது. ஐந்துக்கு மேல் பொழுதுபோக்குத் திரை நாளுக்கு இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது என்பது இங்குள்ள வழிகாட்டல். டிவியும் போனும் இதற்குள் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது. நிமிசம் சொல்லி ஆறு வயதுக்கு விளங்காது. மரியோ கார்ட் என்ற கார் ரேஸ் கேமில் ஒரு கப்புக்கு (போட்டித் தொடருக்கு) நாலு ரேஸ். "ரெண்டு கப் முடிய வைக்கவேணும்" என்றால் விளங்கும். நடு ரேஸில் பறித்தால் எந்தப் பிள்ளையும் கத்தும், அதில் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதே கேமில் ஸ்மார்ட் ஸ்டியரிங் போட்டுவிட்டால் வண்டி பாதையை விட்டு விழாது, நீங்களும் மற்ற ஜோய்-கொன்னைப் பிடித்துப் பக்கத்தில் இருந்து ஓட்டலாம். டிவிக்கு முன்னால் இருவரும் தமிழில் கத்திக்கொண்டு விளையாடுவதுதான் எனக்குப் பிடித்த காட்சி. எங்கட கொண்டாட்ட ஹோல்களில் பார்த்தால் மேசைக்கு ஆறு பிள்ளை, ஆறு திரை, ஒரு வாய் பேச்சில்லை. தாய் தகப்பன்மார் அதைப் பிள்ளையின் கெட்டித்தனம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மனம் எரியும்.

செகண்ட் ஹேண்ட் எடுப்பதென்றால் காசு கொடுக்க முதல் மெசினை வைஃபையில் போட்டு ஈஷொப்பைத் திறந்து பாருங்கள். நின்டெண்டோ தடைசெய்த மெசின் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். விற்கிறவரின் எக்கவுன்டும் பழைய பின் நம்பரும் எடுபட்டிருக்க வேண்டும். ட்ரிஃப்ட் இருக்கிறதா என்று பார்க்க, செட்டிங்ஸில் ஸ்டிக் கலிபிரேஷன் பக்கத்தைத் திறந்து கையை எடுங்கள், புள்ளி நடுவில் அசையாமல் நின்றால் சரி. கேம் காட்டைப் பிள்ளை வாயில் வைத்துவிட்டு "கைக்குது" என்று அழுதால் பயப்பட வேண்டாம், விழுங்காமல் இருக்கவென்றே கசப்பு மருந்து பூசியிருக்கிறார்கள். கேமைக் காட்டாகவே வாங்குங்கள், பிறகு விற்கலாம், மாற்றலாம். டவுன்லோடில் அது இல்லை.

கேம் வாங்கவும் அவசரப்படாதீர்கள். ரொறொன்ரோ பொது நூலகத்தில் வீடியோ கேமும் இரவல் தருகிறார்கள், நகரத்தில் வசிப்பவர்களுக்கு அட்டை இலவசம். உங்கள் பெயரையும் விலாசத்தையும் காட்டும் அத்தாட்சியோடு போங்கள், சில கிளைகளில் தமிழ்ப் புத்தக அலுமாரியும் இருக்கும்.