ராத்திரியில் விழுகிறார், மாத்திரை போட்டும் வலிக்கிறது: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. இரண்டு மாதத்தில் மூன்று தடவை விழுந்துவிட்டார். மூன்றுமே ராத்திரி பாத்ரூம் போக எழுந்தபோதுதான். முழங்கால் வலிதான் காரணம் என்கிறார். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, பாத எரிச்சலுக்கு ப்ரீகாபலின் சாப்பிடுகிறார். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பகல் முழுக்க அதே முழங்காலோடுதானே நடமாடுகிறார்? அப்போது விழாதவர் படுக்கையை விட்டு எழும்போது மட்டும் விழுகிறார் என்றால், முழங்காலைவிட, எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவதன் மேல்தான் சந்தேகம் வருகிறது. வீட்டிலேயே பார்த்துவிடலாம். 5 நிமிடம் படுக்கவைத்து ஒரு அளவு எடுங்கள். எழுந்து நின்ற 1-வது நிமிடத்திலும் 3-வது நிமிடத்திலும் மறுபடி எடுங்கள். பிடித்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அளவுகளைக் குறித்த தாளோடு டாக்டரைப் பாருங்கள். உட்காரவைத்து எடுக்கும் வழக்கமான அளவில் இந்தக் குறைவு தெரியவே தெரியாது.

தூக்க மாத்திரையும் ப்ரீகாபலினும் சேர்ந்தால் தள்ளாட்டம் கூடும். அதற்காகத் தூக்க மாத்திரையை நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். படபடப்பும் தூக்கமின்மையும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழுமாகப் பத்து தடவை ஆட்டிவிட்டு நிற்கச் சொல்லுங்கள். வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். மூட்டு ஆபரேஷன் வலிக்காகச் செய்வது, தலைசுற்றலுக்கு அல்ல.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். உடற்பயிற்சி செய்தால் வலி கூடுகிறது என்று விட்டுவிட்டார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி தினம் இரண்டு வலி மாத்திரை போடுகிறார். (வாசகர், மதுரை)

பதில்: கடையில் தருவது பெரும்பாலும் அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் கலந்ததாக இருக்கும். அட்டையின் பின்புறம் படித்துப் பாருங்கள். அவர் டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவராக இருந்தால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

முழங்கால் தோலுக்கு அருகில் இருக்கும் மூட்டு என்பதால் டைக்ளோஃபெனாக் ஜெல் நன்றாக வேலை செய்யும். ஆனால் பொட்டு அளவு தொட்டுத் தடவினால் போதாது. ஒரு தடவைக்கு 2 முதல் 4 கிராம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. 30 கிராம் ட்யூப் ஒரு மாதம் வருகிறதென்றால் மருந்தே போகவில்லை என்று அர்த்தம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இதையும் டாக்டரைக் கேட்ட பிறகே தடவ வேண்டும்.

பயிற்சியில் வலி வருவது இயல்புதான். வலிக்குப் பத்துக்கு மார்க் போட்டால் நாலு வரை வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். வராவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம். சுவரோரம் போட்ட நாற்காலியில் தலையணை வைத்து உயரமாக்கி, கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்காரட்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழுந்தால் முழங்காலில் பாரம் குறையும். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைப் பத்து தடவை உயர்த்தி இறக்கட்டும். கடைசியாக, ஒரு பாதத்தின் விரலுக்கு முன்னால் மறு பாதத்தின் குதிகாலை வைத்து 10 விநாடி நிற்கட்டும். வெறும் வாக்கிங் மட்டும் போனால் தடுமாற்றம் குறையாது. இந்த நிற்கும் பயிற்சிதான் அதைக் குறைக்கும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பலரும் மூன்றாவது வாரத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது? பாத்ரூமில் ஒட்டும் கைப்பிடி வைக்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில். தடியும் வலிக்கும் காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். அடி ரப்பர் வழவழப்பானால் உடனே மாற்றிவிடுங்கள்.

உறிஞ்சி ஒட்டும் கைப்பிடி ஈரத்தில் கழன்று வந்துவிடும். டவல் கம்பியும் ஆளைத் தாங்காது. சுவரில் துளைபோட்டு, டைல்ஸைத் தாண்டிச் செங்கல் வரை திருகு இறங்கும்படி ஸ்டீல் கைப்பிடி பொருத்துங்கள். உயரத்தைப் பெரியவரையே உட்காரவைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பொருத்திய மறுநாள் வீட்டு இளைஞர் ஒருவர் தொங்கிப் பார்க்கட்டும்.

கேள்வி: விழுந்தவருக்கு எண்ணெய் போட்டு உருவிவிடலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: வேண்டாம். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நடக்க முடிந்தாலும், தொடை இடுக்கில் வலி இருந்தால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டிருந்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.