திகில் படங்களில் வில்லன் ஏன் மெதுவாகவே நடக்கிறான்? கடைசியில் ஒரு பெண் மட்டும் ஏன் பிழைக்கிறாள்?

ஓடி வருகிறவனுக்கு மூச்சு வாங்கும், கால் இடறும். அவனும் மனிதன்தான் என்று தெரிந்துவிடும். நடந்து வருகிறவனோ எப்படியும் வந்து சேர்ந்துவிடுவான் என்ற எண்ணமே வயிற்றைப் பிசையும். முகமூடியும் இதே வேலையைத்தான் செய்கிறது. 1978-இல் வந்த ‘ஹாலோவீன்’ படத்துக்கு, ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளித் தொடரில் வரும் கேப்டன் கிர்க்கின் முகமூடியைக் கடையில் வாங்கி, வெள்ளை பூசி, கண் ஓட்டைகளைப் பெரிதாக்கினார்கள். கோபமா சிரிப்பா என்று படிக்கவே முடியாத முகம். மிச்சத்தை நம் மனசே நிரப்பிக்கொள்ளும். அடுத்தடுத்த பாகங்களில் வில்லனின் சிறுவயதுச் சோகத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் பயம் பாதியாகிவிடுவது இதனால்தான்.

தப்பிக்கும் பெண்ணுக்கு ‘ஃபைனல் கேர்ள்’ (கடைசியாக மிஞ்சும் பெண்) என்று பெயர் வைத்தவர் திரைப்பட ஆய்வாளர் கரோல் குளோவர், 1987-இல். அவள் நல்லவள் என்பதைவிடக் கவனிப்பவள் என்பது முக்கியம். பூட்டியிருக்க வேண்டிய கதவு திறந்து கிடந்தால், முதலில் அவள் கண்ணில்தான் படும். மற்றவர்கள் சிரித்து ஒதுக்குவார்கள். நாம் அவள் பக்கம் சாய்ந்துவிடுவோம். கதை எழுதுபவர்கள் சறுக்குவதும் இங்கேதான். அரைமணி நேரம் எல்லாவற்றையும் கவனித்தவளை, திடீரென்று தனியாக இருட்டறைக்குள் அனுப்புவார்கள். ‘ஏதோ சத்தம் கேட்டது’ என்பதெல்லாம் காரணமே இல்லை. உள்ளே தம்பி மாட்டிக்கொண்டிருந்தால் போவாள், நாமும் நம்புவோம்.