46 வயதில் முதல் பைக்: தம்பியின் புல்லட்டா, புது வண்டியா?

கேள்வி: எனக்கு 46 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீடு. புதுச்சேரியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இத்தனை வருடமும் பஸ்தான். சைக்கிள் நன்றாக ஓட்டுவேன், ஸ்கூட்டர்கூடத் தொட்டதில்லை. மகள் படிக்க சென்னைக்குப் போய்விட்டாள். இனியாவது பைக் கற்றுக்கொள்ளலாம் என்று ஆசை. சின்ன வயதிலிருந்தே புல்லட் மேல் ஒரு கண். தம்பி தன்னுடைய 1998 மாடல் புல்லட்டைச் சும்மாவே தருகிறேன் என்கிறான். கணவரோ, “இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்? ஸ்கூட்டி வாங்கிக்கோ” என்கிறார். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். எந்த வண்டி வாங்கலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்: சகோதரி, தம்பி ஆசையாகத்தான் தருகிறார். ஆனாலும் அந்த புல்லட் இப்போதைக்கு வேண்டாம். அந்தக் காலத்து புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்று ஷோரூமில் எந்த பைக்கை எடுத்தாலும் அப்படியே நேர்மாறு. முதலில் எதைப் பழகுகிறோமோ, பதறுகிற நேரத்தில் கால் அதைத்தான் செய்யும். தம்பி வண்டியில் கற்றுக்கொண்டு நாளைக்கு வேறு வண்டி வாங்கினால், ஆடு குறுக்கே ஓடிவரும்போது பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பீர்கள். அதில் கிக்கர் வேறு. ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷரை (இஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை விடுவிக்கும் சின்ன லிவர்) பிடித்து, பக்குவமாக உதைக்க வேண்டும். தப்பாக உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கிவிடும். 15 வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைய வேண்டியதும் இருக்கிறது. தம்பியே வைத்துக்கொள்ளட்டும்.

ஸ்கூட்டியில் தப்பே இல்லை. ஆனால் மனசு கியர் வண்டியில் இருக்கும்போது வீட்டாருக்காக ஸ்கூட்டி வாங்கியவர்கள் பலர் அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப பஸ் ஏறியிருக்கிறார்கள். போதாததற்கு, ஸ்கூட்டர் சக்கரம் 10, 12 அங்குலம்தான். சாதாரண பைக்கில் 17 அல்லது 18. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர் ரோட்டுப் பள்ளங்களில் இறங்கி ஏறும்போது அந்த வித்தியாசம் இடுப்பில் தெரியும்.

இனி உங்கள் கேள்வி. எல்லோரும் எத்தனை சிசி என்றுதான் கேட்கிறார்கள். உங்கள் வயதில், புதிதாக ஓட்டுகிறவர் பார்க்க வேண்டியது எத்தனை கிலோ என்பதை. புதியவர்கள் கீழே விழுவது பெரும்பாலும் வேகத்தில் அல்ல, வண்டி நிற்கிறபோதுதான். சிக்னலில் கிளட்சைச் சட்டென்று விட்டு இஞ்சின் ஆஃப் ஆகும். வண்டி ஒரு பக்கம் லேசாகச் சாயும். ஊன்றின கால் மணலில் சறுக்கும். 100 கிலோ வண்டி என்றால் தொடையில் முட்டுக்கொடுத்து நிமிர்த்திவிடலாம். கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஓரளவுக்கு மேல் அது சாய்ந்துவிட்டால் பிடிக்கப் பார்க்காமல் விட்டுவிட்டு நகர்வதுதான் புத்திசாலித்தனம். பிடித்தால் மணிக்கட்டோ முதுகோ போகும். இருபது வயதில் அது ஒரு வாரத்தில் சரியாகும். நமக்கு ஆகாது.

ஆகவே ஷோரூமுக்குப் போனால் ஓட்டிப் பார்க்கும் முன் நிறுத்திப் பாருங்கள். சைட் ஸ்டாண்டை எடுத்துவிட்டு உட்காருங்கள். இரண்டு கால்களின் முன்பாதமும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும், குதிகால் படாவிட்டால் பரவாயில்லை. சீட் உயரம் என்று விளம்பரத்தில் போடுகிற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாது. உட்கார்ந்தபடியே காலால் உந்தி வண்டியைப் பத்தடி பின்னால் தள்ளுங்கள். பிறகு இறங்கி சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள்: இடது கை ஹேண்டில்பாரில், வலது கை பின்சீட்டுக் கம்பியில், வலது கால் ஸ்டாண்டின் மேல். கையால் தூக்காமல், உடம்பு எடை முழுவதையும் அந்தக் காலில் இறக்கினால் வண்டி தானாக ஏறிக்கொள்ளும். இத்தனையும் விற்பனையாளர் உதவியில்லாமல் முடிந்தால் அது உங்கள் வண்டி. அவர் அவசரப்படுத்தினால் வேறு ஷோரூம் பாருங்கள்.

ஹோண்டா ஷைன் 100 சுமார் 99 கிலோ. ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ. இரண்டுக்கும் சீட் உயரம் 785 மில்லிமீட்டரை ஒட்டித்தான். பார்க்க ஒன்றும் கம்பீரமாக இருக்காது, தெரியும். ஆனால் சீட் ஒல்லி, கிளட்ச் லேசு, எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார். ஸ்பிளெண்டரில் செயினை முழுக்க மூடிய கவரும் உண்டு. சுடிதார் போடுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. துப்பட்டாவை என்ன வண்டியானாலும் இடுப்பில் கட்டிவிடுங்கள், அல்லது மேலே ஒரு ஜாக்கெட்டைப் போட்டுவிடுங்கள். புதுச்சேரி வரை தினமும் போகப்போகிறீர்கள் என்றால் 125 சிசி இன்னும் சௌகரியம். முன்னால் டிஸ்க் பிரேக் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

புதிதா, செகண்ட் ஹேண்டா? நான் செகண்ட் ஹேண்ட் கட்சி. முதல் வருடம் எப்படியும் கீறல் விழும். மூன்று, நான்கு வருடம் ஓடிய வண்டி என்றால் மனசு வலிக்காது. கடலோர வண்டி என்பதை மட்டும் மறக்காதீர்கள். உப்புக்காற்று எதையும் விடாது. சைலன்சரின் அடிப்பக்கம், ஸ்போக்ஸ் ரிம்மில் சேருமிடம், டேங்க்கின் கீழ் விளிம்பு இந்த மூன்றையும் குனிந்து விரலால் தடவிப் பாருங்கள். பொருக்கு உதிர்ந்தால் வேண்டாம். அலாய் வீல் நம் பக்கத்துக்கு நல்லது. இன்னொன்று, பி.ஒய். நம்பர், அதாவது புதுச்சேரியில் பதிவான வண்டி மலிவாக வந்தால் உடனே கை நீட்டாதீர்கள். தமிழ்நாட்டிலேயே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே என்.ஓ.சி. (ஆட்சேபனையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், அது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கற்றுக்கொள்ள மஞ்சக்குப்பம் மைதானம் போதும், கண்காட்சி நடக்காத நாளாகப் பார்த்து அதிகாலையில் போங்கள். முதலில் ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம். ஃபர்ஸ்ட் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டு, வண்டி நகரத் தொடங்கும் இடத்தைக் கை தானாகக் கண்டுபிடிக்கும் வரை அதையே செய்யுங்கள். சைக்கிள் தெரிந்தவருக்கு பேலன்ஸ் பிரச்சினை இல்லை, கிளட்ச்தான் பாடம். கற்றுத்தர கணவரைக் கூப்பிடாதீர்கள். குடும்பத்தில் அமைதி முக்கியம்.

ஆல்பேட்டையைத் தாண்டி புதுச்சேரி ரோட்டில் ஏறுவதற்கு அவசரம் வேண்டாம். அந்தத் தடத்தில் பஸ்கள் ஒன்றையொன்று முந்துகிற அழகை ஜன்னல் சீட்டிலிருந்து நீங்களே பார்த்திருப்பீர்கள். இருட்டிய பிறகு புதுச்சேரி எல்லையில் முள்ளோடை, கன்னியக்கோயில் மதுக்கடைகள் பக்கமிருந்து கடலூர் திரும்புகிறவர்களில் எத்தனை பேர் நிதானத்தில் இருப்பார்கள் என்பதும் ஊரறிந்த சங்கதி. முதல் சில மாதம் ஊருக்குள்ளேயே, நெல்லிக்குப்பம் வரை போய்வாருங்கள். வேலைக்கு பஸ்ஸிலேயே போங்கள். பிறகு ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன் அரியாங்குப்பம் வரை.

தூரப்பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவராக இருந்தால் அதையும் மாட்டிக்கொண்டு ஹெல்மெட் வாங்கப் போங்கள். ஹெல்மெட்டுக்குள் கண்ணாடி நெற்றிப்பொட்டை அழுத்தினால் அரை மணியில் தலைவலி வரும், நீங்களும் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துவிடுவீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ரோட்டோரச் சரக்கு வேண்டவே வேண்டாம்.

புல்லட் ஆசையை விடச் சொல்லவில்லை. ஒரு மழைக்காலத்தை ஓட்டி முடியுங்கள். லைசென்ஸ் கையில் வந்தபின் புதுச்சேரியில் கருப்பு பலகையில் மஞ்சள் எழுத்து போட்ட வாடகை வண்டி ஒன்றை ஒரு நாளைக்கு எடுத்துப் பாருங்கள். ராயல் என்ஃபீல்டிலேயே ஹன்டர் 350 கொஞ்சம் எடை குறைவு, 181 கிலோ. ஒயிட் டவுன் சந்துகளில் அதைத் திருப்பி நிறுத்த முடிந்தால் அப்புறம் தம்பியிடமும் பேசலாம், ஷோரூமிலும் பேசலாம்.

இப்போதைக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போடுங்கள். 40 வயதைத் தாண்டியதால் படிவம் 1ஏ-இல் டாக்டர் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பத்தில் ‘கியர் உள்ள மோட்டார் சைக்கிள்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கியர் இல்லாததைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டலாம். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்து எட்டு போடப் போகலாம்.