பியேரில் காணாமல் போன ‘த்’

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. கல்லுக்கு அவர்கள் சொல் ‘பியேர்’. கேட்டதுமே நம் ‘பாறை’ நினைவுக்கு வந்தது. இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துகீசியம் எல்லாவற்றிலும் அந்தச் சொல் பகரத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் தாயான லத்தீனின் அகராதியில் கல்லுக்கு ‘லாபிஸ்’ என்று போட்டிருக்கிறது. தாயிடம் இல்லாத சொல் பிள்ளைகள் எல்லோருக்கும் எப்படி வந்தது? நம் பாறைதான் அங்கே போயிருக்குமோ?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாறை அங்கே போகவில்லை. ஏன் என்று சொன்னால் உங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

இரண்டு சொற்கள் உறவா என்று பார்க்க இன்றைய உச்சரிப்புகளைப் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் எவ்வளவு பின்னால் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கொண்டுபோய்விட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். பியேரின் கடைசி ‘ர்’ ஒரு காலத்தில் ‘த்ர்’. அந்தத் த் தேய்ந்த விதம் தமிழருக்குச் சுலபமாகப் புரியும், அதன் முதல் படி நம் வாயிலேயே இருக்கிறது. ‘அத்தை’ என்று சொல்லுங்கள், பிறகு ‘அது’ என்று சொல்லுங்கள். எழுத்து ஒன்றுதான்; அத்தையில் வன்மையாக ஒலிப்பது அதுவில் குழைந்துவிடுகிறது. இரு உயிர்களுக்கு நடுவே ஒற்றையாக நின்றால் குழையும், இரட்டித்தால் குழையாது. மேற்கு ஐரோப்பாவில் லத்தீனுக்கு நேர்ந்ததும் இதேதான். வாழ்க்கையைக் குறித்த ‘வீதா’ இத்தாலியத்தில் அத்தையின் தகரத்தோடு நின்றது. ஸ்பானியத்தில் அது குழைந்தது. பிரெஞ்சில் குழைந்ததும் உதிர்ந்து ‘வீ’ மட்டும் மிஞ்சியது. துளியைக் குறித்த ‘குத்தா’வில் த் இரட்டை, ஆகவே ஸ்பானியக் ‘கோத்தா’விலும் பிரெஞ்சுக் ‘குத்’திலும் வன்மை போகவில்லை.

பின்னால் ர் வந்தாலும் இதே கதை. லத்தீன் ‘பெத்ரா’ இத்தாலியத்தில் வன்மையான பியெத்ரா, ஸ்பானியத்தில் குழைந்த பியெத்ரா. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் காதால்தான் பிரிக்க வேண்டும். பிரெஞ்சில் த் முழுக்கப் போய்ப் பியேர். நடுப்படிக்கு எழுத்துச் சான்றும் உண்டு: 842-இல் பழைய பிரெஞ்சில் எடுக்கப்பட்ட ஸ்ட்ராஸ்பூர்க் உறுதிமொழியில் சகோதரன் ‘ஃப்ராத்ரே’, அதுவும் குழைந்த ஒலிக்குரிய எழுத்தோடு. இன்று அது ‘ஃப்ரேர்’.

பியேரின் ‘இயெ’யும் பழையதல்ல. லத்தீனின் குறில் எகரம் அழுத்தம் விழும் இடத்தில் இரண்டாக விரிந்தது. தேனை வைத்துச் சரிபாருங்கள்: லத்தீன் ‘மெல்’, பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் ‘மியெல்’, இத்தாலியத்தில் ‘மியெலே’, போர்த்துகீசியத்திலும் கத்தலானிலும் விரியாமல் ‘மெல்’. கல்லும் அப்படியே, அந்த இரண்டிலும் ‘பெத்ரா’. அழுத்தம் நகர்ந்தால் விரிவும் இல்லை. ஸ்பானியத்தில் கல் பியெத்ரா, கல்லெறி ‘பெத்ராதா’. ருமேனியத்தில் ஒருமை ‘பியாத்ர’, பன்மை ‘பியெத்ரெ’. ஈற்றுயிர் மாறும்போது முன்னுள்ள உயிரும் மாறுகிறது.

புதிதாகப் படிப்பவர்கள் இங்கே சறுக்குவார்கள். மண்ணைக் குறித்த ‘தெர்ரா’ ஸ்பானியத்தில் ‘தியெர்ரா’ ஆகிறது, இத்தாலியத்தில் ஏன் ஆகவில்லை? தெர்-ரா என்பதில் ர் முதல் அசையை மூடிவிடுகிறது. இத்தாலியமும் பிரெஞ்சும் திறந்த அசையில் மட்டுமே விரிக்கும், ஸ்பானியத்துக்கு அந்தத் தடை இல்லை. பெ-த்ரா திறந்த அசை.

படிகளை உரித்துவிட்டால் உங்கள் கையில் மிஞ்சுவது ‘பெத்ரா’. பாறையோடு அதற்குப் பொது முதலெழுத்து ஒன்றே. அதை வைத்து உறவு சொல்ல முடியாது.

இனி லாபிஸ். பெத்ரா லத்தீனில் பிறந்ததல்ல, கிரேக்கத்திலிருந்து வந்தது. முதலில் செங்குத்துப் பாறையைத்தான் குறித்தது, கி.பி. 79-இல் இறந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, கடற்பறவைகள் கூடு கட்டும் இடமாக அதை எழுதுகிறார். பிறகு கையில் எடுக்கும் கல்லுக்கும் அதுவே பெயராயிற்று. லாபிஸின் தொல்லை அதன் வேற்றுமை உருவங்கள்: எழுவாயில் லாபிஸ், மற்ற இடங்களில் ‘லாபித்-’. ஆகாரத்தில் முடியும் பெத்ராவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பேச்சில் எளியது வென்றது என்றே நினைக்கிறேன்.

இயேசுவின் சீடர் பேதுருவின் பெயரால்தான் அது வென்றது என்று சிலர் சொல்வதுண்டு. விவிலியத்தில் மத்தேயு 16:18-இல் பேதுருவும் கல்லும் லத்தீனில் ‘பெத்ருஸ், பெத்ரா’. பிரெஞ்சில் இரண்டுமே ‘பியேர்’. ‘நீ பேதுருவாய் இருக்கிறாய், இந்தக் கல்லின்மேல்’ என்ற தமிழில் அந்தச் சிலேடை போய்விட்டது. ஆனால் அதே லத்தீன் விவிலியம், வீடு கட்டுகிறவர்கள் தள்ளின கல்லுக்கு ‘லாபிஸ்’ என்றே எழுதுகிறது. வேதம் மட்டுமே காரணமானால் லாபிஸும் பிழைத்திருக்க வேண்டும்.

லாபிஸ் இன்று ஸ்பானியத்தில் பென்சிலாக இருக்கிறது: ‘லாபித்’. அது பேச்சுவழி வந்ததா, ஏட்டிலிருந்து எடுத்ததா? பகரத்தைக் கேளுங்கள். ஓநாய் ‘லூபுஸ்’ ஸ்பானியத்தில் ‘லோபோ’ ஆனபோது அதன் ப ‘மரபு’வின் ப போலக் குழைந்துவிட்டது. லாபித்தில் மட்டும் ‘அப்பா’வின் ப. வாய்வழி வந்திருந்தால் குழையாமல் இருந்திருக்காது. படித்தவர்கள் பின்னால் கொண்டுவந்த சொல் அது. கல்லறைக் கல்வெட்டைக் குறிக்கும் ‘லாபிதா’வும் அப்படித்தான். லத்தீனின் இன்னொரு சொல்லான ‘ஸாக்ஸும்’ இத்தாலியத்தில் ‘ஸாஸ்ஸோ’வாக வாழ்கிறது. 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த, தென் இத்தாலியின் மத்தேரா ஊரிலுள்ள குகைக் குடியிருப்புகளின் பெயர் ‘ஸாஸ்ஸி’ அதன் பன்மை. போர்த்துகீசியத்தில் அது ‘செய்ஷு’, கூழாங்கல்.

கிரேக்கத்துக்குப் பெத்ரா எங்கிருந்து வந்தது? அதற்கு இந்தோ-ஐரோப்பிய வேர் எதுவும் நிறுவப்படவில்லை. கிரேக்கருக்கு முன் அங்கே வாழ்ந்தவர்களின் சொல் என்பது பலர் கருத்து. வேர் தெரியாத இடம் என்பதற்காக அங்கே பாறையைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். பாறைக்கு உறவு தேட விரும்பினால் மலையாளப் ‘பாற’விலிருந்து தொடங்குங்கள். கன்னடம், துளு என்று வரிசையாகப் பார்த்து, இதே போல ஒலி ஒலியாகப் படி போட்டுப் பழைய வடிவத்தை எட்டிய பிறகு எழுதுங்கள், இன்னும் பேசலாம்.