திணறும் இடத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கணினி, கைபேசி, செயற்கை நுண்ணறிவு பற்றியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். மற்றவற்றுக்கு அடுத்த இதழில்.

அம்மா, செயற்கை நுண்ணறிவிடம் இரண்டு வரி சொன்னால் போதும், முழுக்கதையே எழுதித் தந்துவிடுகிறது. பிழையும் இல்லை. இனி நாங்கள் எதற்காக உட்கார்ந்து எழுத வேண்டும்?
– சிறுகதை எழுதும் வாசகி

பிழை இல்லை என்பது உண்மைதான். பத்திரிகைக்கு வரும் கதைகளைப் படித்துத் தேர்வு செய்வதும் புரூஃப் பார்ப்பதும்தான் பல காலமாக என் வேலை. முன்பெல்லாம் ஒற்றுப்பிழை திருத்தியே நாள் போய்விடும். இப்போது வரும் சில கதைகளில் ஒரு காற்புள்ளியைக்கூட நகர்த்த வேண்டியிருப்பதில்லை. ஆனால் படித்து முடித்தால் ஒன்றும் மனதில் நிற்பதில்லை. அந்தக் கதைகளில் மழை எப்போதும் மெல்லப் பெய்கிறது. பாட்டியின் கண்கள் எப்போதும் கலங்குகின்றன. யாரைப் பற்றிய கதையாக இருந்தாலும் எல்லாரும் ஒரே மாதிரி வருந்துகிறார்கள், ஒரே மாதிரி தேறுகிறார்கள்.

இதற்குக் காரணம் அந்த இயந்திரம் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. மனிதர்கள் எழுதிவைத்த கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இதுவரை வந்த சொற்களுக்குப் பிறகு எந்தச் சொல் வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்று கணக்கிடப் பழகிய இயந்திரம் அது. பலரும் எழுதியிருக்கக்கூடிய வாக்கியத்தை நோக்கித்தான் அது இயல்பாகச் சாய்கிறது. கடிதம் எழுத, விண்ணப்பம் எழுத அது நல்ல குணம். கதைக்கு வேண்டியதோ யாரும் எழுதாத வாக்கியம்.

அண்மையில் ஒரு புதியவரின் கதை வந்தது. எழுத்துப்பிழைகள் ஏராளம். அப்பா இறந்துபோன ஒரு வீடு. வாசலில் அவருடைய செருப்பு கிடக்கிறது. வீடு பெருக்குகிறவர் அதை எடுத்து ஓரமாக வைப்பதில்லை, சுற்றிப் பெருக்கிவிட்டுப் போய்விடுகிறார். அடுத்த நாளும் அப்படித்தான். கொஞ்ச நாளில் சுற்றிலும் தரை பளிச்சென்று இருக்கிறது, செருப்பின் மேல் மட்டும் தூசி. இதைப் படித்துவிட்டு அவரோடு பேசினேன். முதலில் அந்த இடத்தில் ‘வீடே வெறிச்சோடிக் கிடந்தது’ என்றுதான் எழுதியிருந்தாராம். படித்துப் பார்த்தால் பொய்யாகப் பட்டதாம். அடித்துவிட்டு, வேறு எழுதி, அதையும் அடித்து, கடைசியில்தான் அந்தச் செருப்பு ஞாபகத்துக்கு வந்ததாம்.

முதலில் தோன்றியதை அவர் அடித்தாரே, அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் திணறினாரே, அந்த நேரத்தில்தான் கதை அவருடையதாக ஆனது. நீங்கள் இயந்திரத்திடம் ஒப்படைப்பது அந்த நேரத்தைத்தான். ஒற்றுப்பிழை பார்க்க, ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல் தேட, தட்டச்சு வேலையைக் குறைக்க, தாராளமாக அதைப் பயன்படுத்துங்கள். எனக்கும் வேலை மிச்சம். திணறும் இடத்தை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

நான் ஓவியன். இரண்டு நொடியில் படம் வரைந்து தரும் செயலிகள் வந்துவிட்டன. இது ஓவியத்தின் முடிவு என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
– ஓவியர் ஒருவர்

இதே பேச்சு ஓவியர்கள் ஒருமுறை கேட்டதுதான். பிரான்சில் தாகெர் கண்டுபிடித்த புகைப்பட முறை 1839இல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அதுவரை ஒருவர் முகத்தைப் பதிந்துவைக்க ஓவியர்தான் கதி. சில ஆண்டுகளில் சிற்றுருவப் படம் வரைந்து பிழைத்தவர்கள் தொழிலை இழந்தார்கள். சிலர் அவர்களே கேமராவைக் கையில் எடுத்தார்கள். அந்த இழப்பு உண்மையானது, அதை யாரும் பூசி மெழுகக் கூடாது. உங்கள் நண்பர்களின் பயத்தையும் அப்படித்தான் மதிக்கிறேன்.

ஆனால் அதற்கு 35 ஆண்டு கழித்து நடந்ததையும் பாருங்கள். 1874இல் மோனே, ரென்வா, தெகா, பெர்த் மொரிசோ முதலானவர்கள் பாரிஸில் தாங்களே சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். இம்ப்ரெஷனிசம் என்று பின்னால் பெயர் பெற்ற இயக்கத்தின் முதல் கண்காட்சி அது. அது நடந்த இடம், நதார் என்ற புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரின் பழைய ஸ்டுடியோ. மூக்கும் முழியும் அச்சாக வர வேண்டும் என்ற கட்டாயத்தைக் கேமரா எடுத்துக்கொண்டதால், ஒளி எப்படி மாறுகிறது, கண்ணுக்கு ஒரு கணத்தில் என்ன தெரிகிறது என்பதில் ஓவியர்கள் முழுமூச்சாக இறங்க முடிந்தது. அவர்களுக்குக் கைகொடுத்ததும் இன்னொரு தொழில்நுட்பம்தான். 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் காப்புரிமை பெற்ற, பிதுக்கும் வண்ணக் குழாய். அது இருந்ததால் வண்ணங்களைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளிக்குப் போவது எளிதாயிற்று.

ஒரு வேறுபாடும் உண்டு. அன்றைய கேமரா எந்த ஓவியரின் படத்தையும் விழுங்கி வளரவில்லை. இன்றைய செயலிகள் வாழும் ஓவியர்களின் படங்களைக் கேட்காமல் எடுத்துப் பழகியிருக்கின்றன. இது நியாயம் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கலைஞர்கள் வழக்காடுவது சரி. நீங்களும் உங்கள் சங்கத்தோடு சேர்ந்து குரல் கொடுங்கள். வரைவதையும் விடாதீர்கள்.

ஒரு புத்தகத்தோடு பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. கை தானாகக் கைபேசிக்குப் போகிறது. எனக்கு மனவுறுதி இல்லையா?
– அலுவலக ஊழியர்

உங்களைக் குறை சொல்லாதீர்கள். முன்பு இணையப் பக்கத்துக்கு ஒரு முடிவு இருந்தது. ‘அடுத்த பக்கம்’ என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தும் முன் போதுமா என்று ஒரு நொடி தோன்றும். 2006இல் ஏசா ராஸ்கின் என்பவர் அந்தப் பொத்தானே தேவையில்லாமல், உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். பின்னாளில் அதன் விளைவைப் பார்த்து அவரே வருந்திப் பேசினார். நிறுத்துவதற்கான இடத்தை எடுத்துவிட்ட ஒன்றோடு மனவுறுதியை மோதவிட்டால் தோற்பது இயல்பு. அதனால் கைபேசியை வேறு அறையில் வையுங்கள். கவிழ்த்து வைத்தால் போதாது, எழுந்து போய் எடுக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். அந்த நாலு எட்டு நடைதான் பழைய பொத்தான் செய்த வேலையைச் செய்யும்.

வீட்டுப்பாடத்துக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது தப்பா, அம்மா? வகுப்பில் எல்லாரும் செய்கிறார்கள்.
– பள்ளி மாணவன்

தம்பி, நீ வெளிப்படையாகக் கேட்டதே எனக்குப் பிடித்திருக்கிறது. செஸ்ஸை எடுத்துக்கொள். 1997இல் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினி, அப்போதைய உலகச் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது. இன்று கைபேசியில் இருக்கும் செஸ் செயலியே உலகின் எந்த ஆட்டக்காரரையும் வென்றுவிடும். அப்படியும் ஆட்டம் அழியவில்லை. 2024 டிசம்பரில், 18 வயதில், நம் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும்வரை அவர் கணினி எஞ்சின், அதாவது நல்ல நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் செஸ் மென்பொருள், இல்லாமல்தான் பயிற்சி செய்தார். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் முறை அது. மற்றவர்களெல்லாம் எந்த நகர்வு நல்லது என்று இயந்திரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தபோது, இவர் பலகையின் முன் உட்கார்ந்து தன் மூளையாலேயே கணக்குப் போட்டார். பிறகு எஞ்சினையும் எடுத்துக்கொண்டார், விலக்கிவைக்கவில்லை. வரிசையைத்தான் மாற்றினார்.

நீயும் வரிசையைக் கவனி. கணக்கை முதலில் நீயே போடு. மூன்றாவது வரியில் மாட்டிக்கொண்டால், ‘விடையைச் சொல்லாதே, இந்த வரியில் நான் எங்கே தவறினேன் என்று மட்டும் சொல்’ என்று கேள். கட்டுரையை நீ எழுதி முடித்த பிறகு, ‘இதில் எந்த இடம் புரியவில்லை?’ என்று கேள். அது சொல்வதிலும் தவறு இருக்கும், அதையும் சரிபார். இப்படிச் செய்தால் அது உனக்கு நல்ல வாத்தியார். முதலிலேயே அதனிடம் போனால், தேர்வு அறையில் அது உன்னோடு வராது என்பதை மட்டும் நினைத்துக்கொள்.

அப்புறம், உன் ஆசிரியர் கூடாது என்று சொல்லியிருந்தால் கூடாதுதான். ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்பதை நான் காரணமாக ஏற்கமாட்டேன்.

வீடியோக்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பது சரியா?
– கல்லூரி மாணவி

செய்முறை விளக்கம் என்றால் சரி. பாட்டு, நாடகம், யாராவது மனம்விட்டுப் பேசுவது என்றால் வேண்டாம். அவர்கள் பேசாமல் நிறுத்தும் இடமும் சேர்ந்ததுதான் அது.

எங்கே போனாலும் என் கணவர் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறார். எதையும் கண்ணால் பார்ப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவரோ ‘ஞாபகத்துக்குத்தான்’ என்கிறார்.
– குடும்பத்தலைவி

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2014இல் லிண்டா ஹெங்கெல் என்ற உளவியலாளரின் ஆய்வொன்று வெளியானது. அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தவர்களிடம் சில பொருள்களைப் படம் எடுக்கவும், சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார்கள். மறுநாள் கேட்டால், படம் எடுத்த பொருள்கள் குறைவாகவே நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் வேலையை அதனிடம் விட்டுவிடுகிறது. இது உங்கள் கட்சி.

இனி அவர் கட்சி. அதே ஆய்வில், ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்த மறதி வரவில்லை. படத்தின் சட்டகத்துக்குள் அடங்காத பகுதிகள்கூட நினைவில் இருந்தன. எதை நெருக்கி எடுப்பது என்று முடிவு செய்ய முதலில் நன்றாகப் பார்க்க வேண்டும் அல்லவா? ஆகவே படம் எடுப்பதை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். ‘இங்கே உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது? அதை மட்டும் கிட்டே போய் எடுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் தேடித் தேர்ந்தெடுக்கும்போது நீங்களும் கூட இருங்கள்.

குழந்தைகளின் படங்கள், அம்மாவின் குரல் எல்லாம் கைபேசியிலும் இணையச் சேமிப்பிலும் இருக்கின்றன. இவை பேரப்பிள்ளைகள் காலம்வரை இருக்குமா?
– வாசகர் ஒருவர்

தானாக இருக்காது. இங்கிலாந்தில் 1086இல் அரசர் ஆணைப்படி எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கை இன்றும் திறந்து படிக்க முடிகிறது. அதன் 900ஆவது ஆண்டையொட்டி 1986இல் பிபிசி நவீன டூம்ஸ்டே ஒன்றை உருவாக்கி, லேசர் வட்டுகளில் பதிந்தது. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குள் அந்த வட்டுகளைப் படிக்கும் கருவிகளே அரிதாகிப் போயின. ஆய்வாளர்கள் மெனக்கெட்டுத்தான் அதை மீட்க வேண்டியிருந்தது.

அதற்காகத் தாள்தான் உயர்வு என்று நான் சொல்லவில்லை. நம் பழைய நூல்கள் ஓலையில் இருந்தன. ஓலைக்கும் ஆயுள் குறைவு, பூச்சி அரிக்கும், நொறுங்கும். தலைமுறைதோறும் யாரோ உட்கார்ந்து புது ஓலையில் படி எடுத்ததால்தான் அவை உ.வே.சா. கைக்கு வந்து சேர்ந்தன. 1887இல் சீவகசிந்தாமணி அச்சில் வந்தது. படி எடுக்க ஆள் இல்லாத நூல்கள் போய்விட்டன. நீங்களும் அந்த வேலையைச் செய்ய வேண்டியதுதான். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வையுங்கள். சில ஆண்டுக்கு ஒருமுறை புதிய சாதனத்துக்கு மாற்றுங்கள்.

அதைவிட முக்கியம், பொறுக்குவது. ஆயிரக்கணக்கான படங்களை அப்படியே கொடுத்தால் எந்தப் பேரப்பிள்ளையும் பார்க்காது. நூறு படங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். படத்தில் ஓரமாக நிற்கும் அந்த அத்தையின் பெயர் இன்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இயந்திரம் முகங்களை வகைபிரித்துக் கொடுக்கும், அவர் ஏன் அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார் என்று அதற்குத் தெரியாது. அம்மாவின் குரல் இருக்கிறதே, அதில் அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதையும் எழுதிவையுங்கள்.

அக்கா அனுப்பும் வாட்ஸ்அப் செய்திக்கு உடனே பதில் போடாவிட்டால், ‘நீல டிக் வந்துவிட்டது, பார்த்துவிட்டுத்தானே இருக்கிறாய்’ என்று கோபித்துக்கொள்கிறார். அதை அணைத்துவிடலாமா?
– வேலைக்குப் போகும் வாசகி

அணைக்கலாம். 2014 நவம்பரில் அந்த நீல டிக் வந்ததும் எதிர்ப்பு எழுந்து, சில நாளிலேயே அதை அணைக்கும் வசதி வரத் தொடங்கியது. நீங்கள் அணைத்தால் அவர் படித்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆனால் முதலில் அக்காவுக்கு இன்று இரவே போன் செய்யுங்கள். அவர் கடைசியாக அனுப்பியது என்ன, அதில் நீங்கள் கேட்க மறந்தது என்ன என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். ‘வேலை நேரத்தில் பார்த்துவிடுகிறேன், பதில் எழுத ஆற அமர உட்கார வேண்டியிருக்கிறது, அதனால் அணைக்கப்போகிறேன்’ என்று சொல்லிவிட்டே அணையுங்கள். சொல்லாமல் அணைத்தால் அதற்கும் ஒரு கோபம் வரும்.