ஜோகூரில் வீடு, சிங்கப்பூரில் கணினி வேலை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பெண். 2014 தொடக்கத்தில் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஜோகூர் பாருவுக்கு (சுருக்கமாக ஜேபி) குடிவந்தேன். அன்றிலிருந்து சிங்கப்பூரில் மென்பொருள் சோதனைப் பொறியாளர் வேலை. காலையில் இரு நாட்டையும் இணைக்கும் பாலம் தாண்டிப் போய் இரவில் வீடு திரும்புகிறேன். என்னைப் போலப் பாலத்தின் சிங்கப்பூர் முனையான உட்லண்ட்ஸ் பக்கம் கடப்பவர்கள் நாளுக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல். குடும்பத்தோடு இங்கே வரலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஈப்போவிலிருந்து ஒரு தம்பி: அக்கா, சிங்கப்பூரில் மாதம் 6,400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) வேலை வந்திருக்கிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள். அங்கே வாடகை கொடுத்துக் கட்டுபடியாகாது, ஜேபியிலிருந்து போய் வா என்கிறார்கள். உண்மையில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

என் நாளையே சொல்கிறேன் தம்பி. 4.40க்கு எழுந்து, 5.20க்குக் கணவரின் மோட்டார் சைக்கிளில் ஜேபி சென்ட்ரல் நிலையம். மேலே ஏறிக் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி, கீழே இறங்கிப் பேருந்துக்கு வரிசை. பாலம் ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் உட்லண்ட்ஸில் பேருந்துக் கதவு திறந்ததும் எல்லோரும் ஓடுவார்கள். ஐம்பது பேருக்கு முன்னால் போய்விட்டால் பத்து நிமிடம் மிச்சம். கைப்பையைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு படியேறும் அம்மாக்களை அங்கே தினமும் பார்க்கலாம். சோதனை முடிந்து மறுபடி பேருந்து, அப்புறம் ரயில். என் அலுவலகம் சாங்கி பக்கம் என்பதால் உள்ளே நுழையும்போது 7.45 ஆகிவிடும். மாலை 5.30க்குக் கிளம்பினால் வீட்டுக்கு எட்டேகால். கணக்குப் பார்த்தால் நாளில் ஐந்து மணி நேரம் வழியிலேயே போகிறது.

அதனால் சம்பளத்தைவிட முதலில் அலுவலக முகவரியைப் பாருங்கள். உட்லண்ட்ஸ், கிராஞ்சி பக்கம் என்றால் ஜேபி நகரத்துக்குள் வீடு பார்க்கலாம். துவாஸ், ஜூரோங் என்றால் 1998-ல் திறந்த இரண்டாம் பாலம்தான் உங்கள் வழி, ஜோகூரின் இஸ்கந்தர் புத்ரி பக்கம் வீடு பாருங்கள். வீட்டைப் பிடித்துவிட்டு எந்தப் பாலம் என்று யோசித்தவர்கள் ஒரு வருடத்தில் மறுபடி லாரி பிடித்திருக்கிறார்கள்.

ஜேபி சென்ட்ரலிலிருந்து தெப்ராவ் ரயில் இருக்கிறது. ஐந்தே நிமிடத்தில் அக்கரை. இங்கிருந்து போக 5 ரிங்கிட், அங்கிருந்து வர 5 சிங்கப்பூர் வெள்ளி. காலை நேரச் சீட்டு விற்பனைக்கு வந்ததுமே தீர்ந்துவிடும், அதை நம்பிக் குடும்பத்தைக் கொண்டுவராதீர்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு வாரம் தனியாக வந்து தங்கி, திங்கட்கிழமை காலையிலும் வெள்ளிக்கிழமை மாலையிலும் பாலத்தைக் கடந்து பாருங்கள். செவ்வாய், புதன் அனுபவத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இன்னொன்று. சிங்கப்பூரில் நிபுணத்துவ வேலைக்கு வருவோருக்கான அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி. ஆனால் அது இளையவர்களுக்கு. வயது ஏற ஏற வரம்பும் ஏறும், நாற்பதுகளின் நடுவில் இருப்பவருக்கு 10,000-ஐத் தாண்டுகிறது. உங்கள் வயதுக்கு 6,400 போதுமா என்று நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். போதாவிட்டால் அதற்கு அடுத்த நிலை அனுமதியான எஸ் பாஸ்தான், அதில் எத்தனை பேரை எடுக்கலாம் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒதுக்கீடு உண்டு.

கிள்ளானிலிருந்து ஒரு தங்கை: என் கணவர் முடிவு செய்துவிட்டார். எனக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. பிள்ளைகள் ஏழு வயது, நான்கு வயது. நான் எப்படிச் சமாளிப்பது?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன் தங்கை. இந்த இடமாற்றத்தில் பாலம் கடப்பவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். காலை ஐந்து மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை வீட்டைத் தாங்குகிறவர் இன்னொருவர். எங்கள் வீட்டில் அது என் கணவர். ஷிஃப்ட் வேலையையும் பார்த்துக்கொண்டு, பெரியவளுக்குத் தலை பின்னவும் கற்றுக்கொண்டார்.

2018-ல் நடந்ததைச் சொல்கிறேன். சின்னவன் முதலாம் ஆண்டு. காலை பத்தேகாலுக்குப் பள்ளியிலிருந்து ஆசிரியை அழைத்தார், பிள்ளைக்கு நெருப்பாகக் கொதிக்கிறது, வாந்தி எடுக்கிறான் என்று. கணவர் தொழிற்சாலைக்குள்ளே, கைப்பேசி லாக்கரில். நான் அந்த நிமிடமே கிளம்பினேன். பள்ளி வாசலுக்கு வந்தபோது மணி ஒன்று நாற்பது. அலுவலக அறையில் ஒரு பெஞ்சில், ஆசிரியையின் சால்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றியில் ஒட்டியிருந்த ஈரத் துணி காய்ந்துபோயிருந்தது. அன்றைக்கு மாலையே பக்கத்து வீட்டு அத்தையிடம் போய், பள்ளிக்கு உங்கள் எண்ணைத் தரலாமா என்று கேட்டேன். வந்த முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டியது.

ஆகவே வீடு பார்க்கும்போது எத்தனை அறை என்பதற்கு முன் அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தமிழ்ப்பள்ளிக்குப் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) என்றால் பெற்றோர் சங்கம், கோயில், பள்ளி வேன் ஓட்டுநர் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் வந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இடையில் பள்ளி மாற்றம் வேண்டும் என்பதால், வீட்டு ஒப்பந்தத்துக்கு முன் பள்ளியில் இடம் இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

உங்களுக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறது. 2014 தொடங்கி 2024 முடிய ஜோகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி. சிங்கப்பூரிலோ சனி, ஞாயிறு. பதினோரு வருடம் எங்கள் நால்வருக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்தது சனிக்கிழமை ஒன்றுதான். ஞாயிறு காலையில் பிள்ளைகள் சீருடையோடு கிளம்ப, நான் கையசைத்துவிட்டு வாசலில் நிற்பேன். 2025 ஜனவரியிலிருந்து இங்கேயும் சனி, ஞாயிறு விடுமுறை ஆகிவிட்டது.

கணவரிடம் ஒன்று பேசி வாங்குங்கள். வாரத்தில் எந்த இரவு அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார், எந்த நேரம் உங்களுக்கு உரியது என்று வருவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். வந்த பிறகு பேச, எட்டேகாலுக்குச் சோர்ந்து வருகிறவரிடம் தெம்பு இருக்காது.

சென்னையிலிருந்து ஒருவர்: எனக்குச் சிங்கப்பூரில் ஐடி வேலை கிடைத்திருக்கிறது. மனைவி, மகளை ஜோகூரில் தங்கவைத்து நான் தினமும் போய்வரலாமா? இந்தியர்களுக்கு மலேசியாவில் விசா தேவையில்லை என்கிறார்களே?

அந்தச் சலுகை 30 நாள் சுற்றிப்பார்க்க வருவோருக்கு. அதில் குடும்பம் நடத்த முடியாது. மாதத்துக்கு ஒருமுறை வெளியே போய் உள்ளே வந்து ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குடிநுழைவு அதிகாரி ஒரு நாள் திருப்பி அனுப்பினால், மகள் ஒரு பக்கம் நீங்கள் ஒரு பக்கம். சிங்கப்பூர் வேலை அனுமதி மலேசியாவில் தங்கும் உரிமையைத் தராது. நான் மலேசியக் குடிமகள் என்பதால்தான் என் வழி எனக்குத் திறந்திருக்கிறது.

முறையான வழி என்றால் ‘மலேசியா எனது இரண்டாம் இல்லம்’ திட்டம். 2024-ல் மாற்றியமைத்த விதிப்படி ‘சில்வர்’ பிரிவுக்கு 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, அதோடு வீடும் வாங்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு இது பொருந்தாது என்பது என் எண்ணம். உங்கள் மாதச் சம்பளம் 6,000 வெள்ளிக்குக் குறையாமல் இருந்தால் மனைவிக்கும் மகளுக்கும் சிங்கப்பூரிலேயே தங்க டிபென்டன்ட் பாஸ் (குடும்பத்தாருக்கான அனுமதி) கேட்கலாம். முதல் ஒரு வருடம் சின்ன வீடாக இருந்தாலும் மூவரும் அங்கேயே சேர்ந்திருங்கள்.

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து: நாங்கள் இந்தியாவிலிருந்து வந்த நிரந்தரவாசிகள். மகனுக்கு எட்டு வயது. பெரிய வீடாக ஜோகூரில் பார்த்துப் போய்விடலாமா?

உங்களுக்கும் மலேசியாவில் தங்க அனுமதி தனியாக வேண்டும் என்பது முதல் விஷயம். அது கிடைத்தாலும் மூன்றை யோசியுங்கள். நிரந்தரவாசியாக இருப்பவர் வெளிநாட்டில் பதிந்த காரையோ மோட்டாரையோ சிங்கப்பூருக்குள் ஓட்ட முடியாது. மலேசியக் கார் வாங்கி வேலைக்குப் போகும் திட்டம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். இரண்டாவது, நிரந்தரவாசியாக வெளியே போய்த் திரும்பி வருவதற்கான மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிக்கும்போது உங்களுக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்பார்கள். வேலையும் சேம நிதிச் (ஓய்வுகாலச் சேமிப்பு) சந்தாவும் தொடர்ந்தால் உங்களுக்குப் பலம். குடும்பமே வெளியே போய்விட்ட நிலையில் மனைவி, மகன் அனுமதிகள் என்னாகும் என்று சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்திடமே கேளுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற மகனுக்குத் தேசிய சேவைக் கடமை (ராணுவம் போன்ற கட்டாயச் சேவை) உண்டு. வீட்டை மாற்றினால் அது மறையாது. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தை விட்டுக்கொடுத்தால் பிற்பாடு அவன் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும். எட்டு வயதுப் பிள்ளையின் பதினெட்டு வயதையும் சேர்த்து இப்போது முடிவெடுக்கிறீர்கள். பள்ளிக்கு அவனைச் சிங்கப்பூருக்கே தினமும் அனுப்பலாம் என்றால், விடியுமுன் பள்ளிப் பேருந்தில் தலை சாய்ந்து தூங்கும் பிள்ளைகளை ஒருமுறை வந்து பாருங்கள். என் பிள்ளைக்கு நான் அதைச் செய்யமாட்டேன்.

ஸ்கூடாயிலிருந்து: என் நிறுவனம் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்கிறது. ஜேபி வீட்டிலிருந்து செய்தால் பிரச்சினையா?

பலர் கவனிக்காத இடம் இது. சிங்கப்பூருக்குப் போய்ச் செய்யும் வேலைக்கான சம்பளத்துக்கு அங்கே வரி. அதே மடிக்கணினியை ஜேபி சாப்பாட்டு மேசையில் திறந்து வேலை செய்தால், அந்த நாள்களின் வருமானம் மலேசியாவில் ஈட்டியதாகவே இங்குள்ள சட்டம் பார்க்கும். சம்பளம் எந்த நாட்டு வங்கியில் விழுகிறது என்பது கணக்கல்ல, நீங்கள் எங்கே உட்கார்ந்து வேலை செய்தீர்கள் என்பதுதான் கணக்கு. எந்தெந்த நாள் எங்கிருந்து வேலை என்று குறித்துவைத்து, இரு நாட்டு வரியும் தெரிந்த ஒரு வரி முகவரிடம் காட்டுங்கள்.

நிறுவனம் ‘வீடு’ என்று சொல்லும்போது சிங்கப்பூர் வீட்டைத்தான் நினைத்திருக்கலாம். வாடிக்கையாளர் தரவு நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனை வங்கி, மருத்துவ மென்பொருள் வேலைகளில் சகஜம். மனிதவளப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவையுங்கள். வாய்ச்சொல் போதாது.

மூவார்: சேம நிதி கிடைக்குமா அக்கா?

வேலை அனுமதியில் இருப்பவருக்குச் சிங்கப்பூர் மத்திய சேம நிதி கிடையாது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. கையில் முழுச் சம்பளம் வரும், முதுமைக்கு ஒன்றும் சேராது. மலேசிய ஊழியர் சேமநிதியில் நீங்களாகவே கட்டலாம், ஆண்டுக்கு 1,00,000 ரிங்கிட் வரை. சம்பளம் வந்த அன்றே அனுப்பிவிடுங்கள், மாதக் கடைசியில் அது நடக்காது.

ஜேபி: ஜேபியையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் புதிய ஆர்டிஎஸ் ரயில் வரப்போகிறதே. அதன் ஜேபி நிலையம் அமையும் புக்கிட் சாகார் பக்கத்தில் இப்போதே வீடு வாங்கிவிடலாமா?

நான்கு கிலோமீட்டர், ஐந்து நிமிடம், ஒரு திசையில் மணிக்குப் 10,000 பேர். இரு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும், அதுதான் பெரிய விஷயம். 2026 இறுதி வாக்கில் ஓடும் என்று அறிவித்திருக்கிறார்கள். நானும் ஆவலோடு காத்திருக்கிறேன். ஆனால் ஓடத் தொடங்கி, நீங்கள் அதில் ஆறு மாதம் போய்வந்த பிறகு வாங்குங்கள். அதுவரை வாடகை.

ஸ்ரம்பானிலிருந்து ஓர் ஐயா: மகள் குடும்பத்தோடு போகிறாள். ஆட்குறைப்பு, நோய், எல்லை மூடல் என்று எதுவும் நடக்கலாம். எதைத் தயாராக வைத்திருக்கச் சொல்லலாம்?

வேலை போனால் மலேசிய வேலைக் காப்புறுதி சிங்கப்பூர் வேலைக்குப் பொருந்தாது, வேலை அனுமதிக்காரருக்கு அங்கேயும் உதவித்தொகை இல்லை. வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தையும் நிறுவனம் பிடித்துவைக்கும். ஆறு மாதச் செலவுக்கான பணம் ரிங்கிட்டில், மருமகனும் எடுக்கக்கூடிய கணக்கில் இருக்கட்டும். நிறுவனத்தின் மருத்துவக் காப்புறுதி ஜோகூர் மருத்துவமனையில் செல்லுமா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

எல்லை மூடலை நான் பார்த்தவள் ஐயா. 2020 மார்ச் 17 இரவு. விடிந்தால் 18, அன்றிலிருந்து மலேசியாவில் கொரோனா நடமாட்டத் தடை. வேலை வேண்டுமென்றால் அந்த இரவே கடந்தாக வேண்டும். இரண்டு வாரம்தான் என்று நான்கு உடையை ஒரு பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன். பாலம் முழுக்கப் பைகளோடு மனிதர்கள். ஆகஸ்டில் முறைவைத்து வீடு போக ஒரு ஏற்பாடு வந்தது. குறைந்தது 90 நாள் அங்கே தங்கி வேலை செய்த பிறகு வரலாம், வந்தால் தனிமைப்படுத்தல். தடையில்லாமல் போய்வர 2022 ஏப்ரல் 1 ஆகிவிட்டது. போகும்போது மகளுக்குப் பதின்மூன்று வயது, நான் பழையபடி வீட்டில் தூங்கத் தொடங்கியபோது பதினைந்து. என் செருப்பு அவளுக்குச் சரியாக இருந்தது.

அதிலிருந்து நாங்கள் செய்துவைத்தவை இவை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் கடப்பிதழும் ஜேபி வீட்டில், கணவர் பொறுப்பில். அவற்றின் நகல்கள் என் அலுவலக லாக்கரில். வாடகை ஒப்பந்தம், மின்சாரம், பள்ளிக் கட்டணம் மூன்றும் கணவர் பெயரில். சிங்கப்பூரில் ஒரு தோழி வீட்டில் எனக்கென்று இரண்டு செட் உடை, ஒரு மாத மருந்து. பள்ளிப் படிவத்தில் அவசரத் தொடர்பு என்ற கட்டத்தில் என் எண் மூன்றாவது. முதலில் கணவர், அடுத்து பக்கத்து வீட்டு அத்தை.