பட்டியலில் உங்கள் பெயர் எங்கே?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசு அலுவலர். பணியில் இருந்தவரை என் மேசையில் ஒரு கோப்புகூடத் தேங்கியதில்லை. அதே ஒழுங்கை வீட்டுக்கும் கொண்டுவர விரும்பி, துப்புரவு வேலைகள் 52-ஐயும் நாள், நேரம், செய்பவர், மேற்பார்வை எனப் பத்தி பிரித்து அட்டவணையாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அதன் நகலை இணைத்திருக்கிறேன். மூன்றாவது வாரத்திலிருந்து மனைவியோ மருமகளோ அதில் குறியிடுவதே இல்லை. 'இந்தத் தாள் வருவதற்கு முன்பும் வீடு சுத்தமாகத்தான் இருந்தது' என்கிறார் மனைவி. பட்டியலிட்டு வேலை செய்யும் பழக்கத்தைக் குடும்பத்தில் எப்படி உண்டாக்குவது? அதற்கென நல்ல செயலி ஏதேனும் உண்டா?

– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: அட்டவணையை முழுவதுமாகப் படித்தேன். கோடுகள் நேராக இருக்கின்றன, கையெழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கிறது. 'செய்பவர்' பத்தியில் 31 இடங்களில் உங்கள் மனைவியும், 14 இடங்களில் மருமகளும், 7 இடங்களில் வேலைக்கு வரும் அம்மாவும் இருக்கிறார்கள். 'மேற்பார்வை' பத்தியில் 52 இடங்களிலும் நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் மகன் எந்தப் பத்தியிலும் இல்லை. குறியிடுவது ஏன் நின்றது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை; ஆனாலும், பயனுள்ள ஒரு கருவியின் மீது வீண்பழி விழக் கூடாது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மனைவி சொன்னதை எடுத்துக்கொள்வோம். காலை 6.10-க்கு வாசல் பெருக்குதல், 6.20-க்குக் கோலம், 8.45-க்குப் பாத்திரம் துலக்குதல், 9.15-க்கு அடுப்பு மேடை துடைத்தல் என்று உங்கள் பட்டியலில் பாதிக்கு மேற்பட்டவை அன்றாட வேலைகள். இவற்றை எந்த வீட்டிலும் யாரும் மறப்பதில்லை. விடிந்தால் வாசல் நினைவுக்கு வருகிறது, சாப்பிட்டு எழுந்தால் எச்சில் தட்டு கண்ணெதிரே கிடக்கிறது. வேலையே தன்னைச் செய்யச் சொல்லி நிற்கிறது. பல ஆண்டுகளாக இதைச் செய்துவருபவரிடம் செய்து முடித்ததற்கு அடையாளமாகக் குறியிடச் சொன்னால், அவர் அதை வருகைப் பதிவேடாகத்தான் எடுத்துக்கொள்வார். உயிர் சம்பந்தப்பட்ட அறுவைச் சிகிச்சைக்கே உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் சரிபார்ப்புப் பட்டியலில் 19 அம்சங்கள்தாம் இருக்கின்றன. அவையும் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி அறையை விட்டு வெளியேறுவதற்கு முன் என மூன்று கட்டங்களுக்கு உரியவை. கத்தியை எப்படிப் பிடிப்பது என்று அந்தப் பட்டியல் அறுவை மருத்துவருக்குச் சொல்லித் தருவதில்லை. தெரிந்தவர்களும் அவசரத்தில் தவறவிடக் கூடியவற்றை மட்டுமே அது கேட்கிறது.

அப்படித் தவறவிடக் கூடியவை வீட்டில் எவை? முந்தைய தலைமுறையின் வீடுகளில் அவற்றுக்கும் தாளில் எழுதிய பட்டியல் தேவைப்படவில்லை, ஏனென்றால் பஞ்சாங்கமே அந்தப் பணியைச் செய்தது. வியாழக்கிழமை மாலையில் விளக்கும் பூசைப் பாத்திரங்களும் புளி போட்டுத் துலக்கப்பட்டன, வெள்ளிக்கிழமை காலையில் வீடு கழுவப்பட்டது, போகிக்கு முன் பரண் இறக்கப்பட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கப்பட்டது, ஆயுத பூசைக்கு அலமாரியும் கருவிகளும் துடைக்கப்பட்டன. ரமலானுக்கு முன்பும் கிறிஸ்துமஸுக்கு முன்பும் அந்தந்த வீடுகளில் இதே பரபரப்பு இருந்தது, இன்றும் இருக்கிறது. தெரு முழுவதும் ஒரே நாளில் ஒட்டடை அடிக்கும்போது ஒரு வீடு மட்டும் மறந்துவிட வழியில்லை. ஆனால் ஏசியின் வடிகட்டிக்கும், சமையலறைப் புகைபோக்கி விசிறிக்கும், சலவை இயந்திரத்தின் அடியில் நூலும் பொத்தானும் சேரும் வடிகட்டிக்கும், மாடியில் நிற்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக்கும், ஃபிரிட்ஜின் பின்புறம் நீர் சொட்டும் தட்டுக்கும் பண்டிகை எதுவும் ஒதுக்கப்படவில்லை. பட்டியலுக்குத் தகுதியானவை இவையே. உங்கள் 52-இல் இவற்றில் ஒன்றுகூட இல்லை என்பதை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு வேலைக்கும் இடைவெளி வைக்கும்போது 'வாரம் ஒருமுறை', 'மாதம் ஒருமுறை' என்று அழகுக்காக வைக்காமல், காரணத்தைப் பார்த்து வைக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை அடைய ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகின்றன. ஆகவே நீர் தேங்கும் எந்தப் பாத்திரத்தையும் ஏழு நாட்களுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். வாரத்தில் ஒருநாள் எல்லாவற்றையும் உலர விடுமாறு சுகாதாரப் பணியாளர்கள் சொல்வதன் கணக்கும் இதுதான். காலி செய்தால் மட்டும் போதாது: அந்தக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில்தான் முட்டைகளை ஒட்டுகிறது, அவை பல மாதங்கள் உலர்ந்து கிடந்தாலும் மறுபடி நீர் பட்டதும் பொரியும். எனவே தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது பட்டியலில் எழுதப்பட வேண்டிய சொல். பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, கூலர், மேலே சொன்ன ஃபிரிட்ஜ் தட்டு மூன்றும் இதில் அடங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த ஒரு வரியைக் கடைப்பிடித்தால், மற்ற வரிகளில் எது தவறினாலும் நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஏசி வடிகட்டிக்கு அது ஓடும் மாதங்களில் இரு வாரத்துக்கு ஒருமுறையும், மாடித் தொட்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் போதுமானவை. திரைச்சீலைக்கு நீங்கள் வாரந்தோறும் குறித்திருப்பது மருமகளின் மீது சுமத்திய தண்டனை.

மணி குறிப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கும். வீடு அப்படி இயங்குவதில்லை. தண்ணீர் வரும் நேரம், குழந்தையின் காய்ச்சல், முன்னறிவிப்பின்றி வரும் விருந்தினர் எல்லாம் அட்டவணையைக் கலைக்கும். ஒருநாள் கலைந்த அட்டவணை மறுநாளிலிருந்து கேலிப்பொருளாகிவிடும். வேலையை வேறொரு நிகழ்ச்சியோடு முடிந்து வைப்பதே நீடிக்கும் வழி. மின் கணக்கெடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். அவர் வந்துபோன வாரத்தின் விடுமுறை நாள் மின்விசிறி இறக்கைகளுக்கும் புகைபோக்கி விசிறிக்கும் உரியது என்று வைத்துக்கொள்ளலாம். சிலிண்டர் மாற்றும்போது அடுப்புக்கு அடியில் துடைத்து, ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். மளிகை சாமான் வரும் நாளில், புதியதைக் கொட்டுவதற்கு முன் டப்பாக்களையும் தட்டுகளையும் துடைத்துவிடலாம்.

ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை 9 மணிக்குக் கழிப்பறைக்கு ஆசிட், 9.15-க்கு அதே தளத்துக்கு பிளீச்சிங் பவுடர் என்று எழுதியிருக்கிறீர்கள். இவ்விரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். காற்றோட்டமில்லாத சிறிய குளியலறையில் அதைச் சுவாசிப்பவருக்கு நுரையீரல் பாதிக்கப்படும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அந்த இரண்டு வரிகளையும் இன்றே அடித்துவிடுங்கள். ஏதேனும் ஒன்றை மட்டும், கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்துப் பயன்படுத்துங்கள். ஆழ்குழாய் நீரின் உப்புக்கறைக்காகத்தான் ஆசிட் என்றால், குளித்து முடித்த ஒவ்வொருவரும் சுவரையும் தரையையும் வைப்பரால் இழுத்துவிட்டு வந்தாலே அந்தக் கறை பெருமளவு படியாது. குளிப்பவர் என்பதில் நீங்களும் அடக்கம்.

இனி, 'மேற்பார்வை'. மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-இல் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றில் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். நீங்கள் அந்த 88 நிமிடங்களில்கூட வரவில்லை. தாளில் குறியைச் சரிபார்ப்பதை எந்தக் கணக்கெடுப்பும் துப்புரவாக எண்ணாது. பட்டியலின் உண்மையான பயன், ஒருவர் தலையில் மட்டுமே இருக்கும் நினைவுச் சுமையை இறக்கி, மற்றவர்களும் எடுத்துச் செய்யும்படி வெளியே வைப்பதில் இருக்கிறது. எந்தத் துணி எந்த மூட்டையில் இருக்கிறது, தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது, பினாயில் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்பதெல்லாம் இன்று உங்கள் மனைவிக்கு மட்டுமே தெரியும். அந்தப் பட்டியலை எழுதத் தகுதியானவர் அவர்தான். நீங்கள் அவரிடம் கேட்டு எழுதுங்கள். பிறகு சில வேலைகளை முழுமையாக உங்கள் பெயருக்கும் மகன் பெயருக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். முழுமையாக என்றால், குளியலறை உங்களுடையது என்றான பின் அதன் பிரஷ் தேய்ந்ததைக் கவனிப்பதும், கடைக்குப் போய் வேறு வாங்குவதும் உங்கள் வேலை. 'பிரஷ் எங்கே?' என்று சமையலறையை நோக்கிக் குரல் கொடுக்கும் உரிமை அன்றோடு முடிகிறது.

வேலைக்கு வரும் அம்மாவின் ஏழு வேலைகளில் நான்கு, அவரைச் சேர்த்தபோது பேசியதல்ல என்று உங்கள் குறிப்பிலேயே தெரிகிறது. பரண் துடைப்பதும் ஜன்னல் கழுவுவதும் பேசாத வேலைகள் என்றால் அவற்றுக்குத் தனிக்கூலி கொடுங்கள், அல்லது பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

செயலி எதையும் நான் பரிந்துரைக்கப் போவதில்லை. செல்பேசிக்குள் போன பட்டியல் அதை வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். உங்கள் வீட்டின் சிக்கலும் அதுதான். மாதக் காலண்டர் ஒன்று எப்படியும் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். பத்துக்கு மிகாத வேலைகளை உரிய தேதிகளின் கட்டத்தில் பென்சிலால், செய்பவரின் பெயரோடு எழுதுங்கள். செய்து முடித்தவர் அடித்துவிடட்டும், தவறினால் அடுத்த வாரத்துக்கு அம்புக்குறி போட்டு நகர்த்தட்டும். மேற்பார்வைக்கு அந்தக் கட்டத்தில் இடம் போதாது.